சமைப்பவளும் சாப்பிடுபவளும்

ஊட்டச்சத்து குறித்த நூல்களையும் தரவுகளையும் வாசகருக்கேற்பப் பிரித்துத் தொகுத்துத் தருவது நூலகங்களின் வழக்கம். உணவியல் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி, செவிலியர்களுக்கு ஒன்று, ‘தாய்மார்களுக்கு’ ஒன்று. இவற்றை மதிப்பிடும்போது தகவல் சரியா, புதியதா, நடை எளிதா என்று கேட்கிறோம். மூன்றுக்கும் ஆம் என்றே பதில் வந்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: வாசிப்பவளை அது யாராகப் பார்க்கிறது?

இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். மாணவர்களுக்கான வழிகாட்டியைப் பின்தொடர்ந்தால் காரணங்களைச் சென்றடையலாம்: மாதவிடாய் இழப்பு, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே உறிஞ்சுவது, தேநீரிலுள்ள டானின் அதையும் தடுப்பது, வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டுவது. தாய்மார்களிடம் வரும்போது இவ்வளவும் பெரும்பாலும் ‘தினமும் கீரை சமையுங்கள்’ என்று சுருங்கிவிடுகிறது.

சொல்லை எளிமையாக்குவது வேறு, காரணத்தை மறைப்பது வேறு. கட்டளை மட்டும் கிடைத்தவள் ஒன்று கீழ்ப்படிய வேண்டும், இல்லையென்றால் குற்றவுணர்வில் புழுங்க வேண்டும். காரணம் தெரிந்தவள் தானே முடிவெடுப்பாள். கீரை வாங்க முடியாத நாளில், பருப்பில் எலுமிச்சை பிழிந்துகொள்வாள். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீரைத் தள்ளிப்போடுவாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரும் காபியும் வேண்டாம் என்கின்றன. இதற்குக் காசு செலவில்லை. ஓய்வே இல்லாத பெண்ணுக்கு விளக்கம் எதற்கு என்பார்கள். காரணத்தைச் சொல்ல இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை அவளுக்கு மறுக்கும்போது நாம் மிச்சப்படுத்துவது அவள் நேரத்தை அல்ல. அவளால் யோசிக்க முடியும் என்பதைத்தான் மறுக்கிறோம்.

‘சமையுங்கள்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். அது அவளை அடுப்படியில் நிறுத்துகிறது, இலையின் முன் உட்கார வைப்பதில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவளின் உடலுக்கு, அவள் சமைத்த கீரை எவ்வளவு போய்ச் சேரும்? வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யார் கையில் பணம் இருக்கிறது என்பதைப் பேசாத வழிகாட்டியில் ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்கலாம். ஆனால் குறையை அவளுடைய அறியாமையின் கணக்கில் எழுதிவிடுகிறது. தாய்மார்களுக்கென ஒரு பிரிவு இருக்கும் இடத்தில் ‘தந்தையருக்கு’ என்று ஏன் ஒன்று இல்லை? வாசகரைப் பிரிக்கும்போதே வேலையும் பிரிக்கப்பட்டுவிடுகிறது.

அடுத்த முறை இப்படியொரு வழிகாட்டி கைக்கு வந்தால், அதன் வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள். சமையுங்கள், கொடுங்கள், ஊட்டுங்கள் என்பவை எத்தனை? ‘நீங்கள் சாப்பிடுங்கள்’ என்பது எத்தனை?