கொல்லிமலையில் ஒரு தாயின் கணக்கு



ஜெபம்பண்ண ஆலயத்துக்குப் போன இரண்டு பேரைப் பற்றி லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒருவர் பரிசேயர், மற்றவர் ஆயக்காரர். ஸ்தோத்திரப் பண்டிகையும் அதுவுமாக இந்தக் கதையை எதற்கு எடுக்கிறார் இந்த ஐயர் என்று நினைப்பீர்கள். அந்த இருவரில் தேவனுக்கு நன்றி சொன்னவர் யார்? பரிசேயர்தான். ஆயக்காரர் நன்றி என்று வாயே திறக்கவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்டார், அவ்வளவுதான். ஆனாலும் தேவனுக்கு ஏற்றவராக வீடு திரும்பியவர் அவர்தான். நன்றி சொன்னவர் வந்தபடியே போனார்.

அந்த நன்றியில் என்ன கோளாறு? பக்கத்தில் நின்றவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னதுதான் கோளாறு. தேவனை நோக்கி ஆரம்பித்து, அடுத்தவனிடத்தில் போய் முடிந்துவிட்டது.

நம்மிடமும் இது தாராளமாக இருக்கிறது. வீட்டு ஜெபத்துக்குப் போனால் காதில் விழுகிற பேச்சு: "அய்யா, கடைசி வீட்டுப் பையன் எம்.ஈ. முடிச்சுட்டு சும்மாதானுங்க உக்காந்திருக்கான். நம்ம பையனை ஆண்டவர் சிட்னியில கொண்டுபோய் உக்கார வச்சுட்டாருங்க." பிள்ளைக்கு வேலை கிடைத்தால் ஸ்தோத்திரம் சொல்லத்தான் வேண்டும். அதற்குக் கடைசி வீட்டுப் பையனை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்? நாளைக்கே அவன் கனடாவுக்கு விமானம் ஏறிவிட்டால் உங்கள் ஸ்தோத்திரம் என்ன ஆகும்? ஞாயிறு பள்ளியில்கூடப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். சோற்றுக்கு வழியில்லாத பிள்ளைகளை நினைத்துப்பார், உனக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்கிறோம். பசித்த பிள்ளையை நினைத்தால் தட்டில் இருப்பதில் பாதியை எடுத்து வைக்கத் தோன்ற வேண்டும்; வயிறு குளிரக் கூடாது.

அப்படியானால் ஆசீர்வாதங்களை எப்படித்தான் எண்ணுவது? கற்றுக்கொள்ள நான் உங்களைத் தூரத்துக்குக் கூட்டிப்போகவில்லை. நாமக்கல்லைத் தாண்டினால் சேந்தமங்கலம், அங்கிருந்து காரவள்ளி, அதற்கு மேல் கொல்லிமலை. இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டே காரில் ஏறி, ஆகாய கங்கையில் குளித்து, மிளகும் பலாப்பழமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அந்த மலையில், வாழவந்தியில், மிஷனெரிகளாக வந்த ஒரு வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட்.

மிஷன் அறிக்கைகளில் பொதுவாக ஐயர்மார் பெயர்தான் பெரிதாக நிற்கும். கோயம்புத்தூருக்கு 1830-ல் லண்டன் மிஷனிலிருந்து ஆடிஸ் ஐயர் வந்ததை நம்மில் பலர் சொல்வோம். ஈரோட்டில் பிரப் ஐயர் பெயரில் நிற்கிற ஆலயத்தைத் தாண்டாமல் பன்னீர்செல்வம் பார்க்கில் நடக்க முடியாது. அந்த ஐயர்மார் வீடுகளில் அடுப்பையும் பிள்ளைகளையும் பள்ளிப் பெண்களையும் நோயாளிகளையும் ஒரே நாளில் சமாளித்த பெண்களைப் பற்றி நாலு வரி சொல்லுங்கள் என்றால் முழிப்போம். ஈவ்லின் அம்மா அந்த வகையில் தப்பித்துக்கொண்டார். அவருடைய மகன் உலகறிந்த டாக்டரானார், தாயைப் பற்றி நிறைய எழுதி வைத்தார்.

லண்டனில் வசதியான வீட்டுப் பெண். 1879-ல் பிறந்தவர். ஓவியம் படித்தவர். முப்பது வயதைத் தாண்டித்தான் இந்தியாவுக்கு வந்தார். 1913-ல் ஜெஸ்ஸியை மணந்துகொண்டு மலை ஏறினார். ரோடு கிடையாது, ஏறினால் நடை, முடியாதவர்களுக்கு டோலி. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் அங்கே தங்கமாட்டார்கள். 1914-ல் அந்த மகன் பால் பிறந்தான், பிறகு தங்கை கானி.

அங்கே இருந்த வேலை என்ன மாதிரி வேலை என்று ஒன்றை மட்டும் காட்டுகிறேன். நரம்புச் சிலந்தி என்றால் வயதானவர்களுக்குத் தெரியும். குளத்துத் தண்ணீர் வழியாக உடம்புக்குள் போய், ஓர் ஆண்டு கழித்துக் காலில் கொப்புளம் கிளப்பி, வெள்ளை நூல்போல வெளியே தலை நீட்டும் புழு. மூன்றடி நீளம்கூட இருக்கும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் உள்ளே புரையோடிக் கால் வீங்கிவிடும். ஆகவே ஒரு சின்னக் குச்சியில் அதைச் சுற்றி, இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று நாள்கணக்கில் உருவ வேண்டும். ஈரத்துணி போட்டு, புழுவைத் தளரவைத்து, ஓர் அங்குலம் வந்ததும் நிறுத்தி, கட்டுக் கட்டி அனுப்ப வேண்டும். நோயாளி மறுநாள் திரும்பி வந்தால் அதுவே பெரிய காரியம். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் இந்த வைத்தியம் பார்த்தார்கள். பின்னாளில் ஈவ்லின், கிணற்றுக்குள் யாரும் காலை வைத்து இறங்காதபடி சுற்றிச் சுவர் எழுப்பச் சொல்லி ஊர் ஊராக நச்சரித்தார். நாடு முழுவதும் இந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-ல்தான். ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் நன்றி சொல்லக் கற்றவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட ஊழியம் கைகூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1918-19 விஷக்காய்ச்சலில் மலையில் வீட்டுக்கு வீடு சாவு. இருவரும் கஞ்சி காய்ச்சிக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். அதுவரை இவர்களை எதிர்த்து நின்ற ஒரு பூசாரி, சாகக் கிடந்த நேரத்தில் தன் கைக்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். நம்பி ஒருவர் பிள்ளையைக் கையில் கொடுப்பதைக் காட்டிலும் பெரிய ஆசீர்வாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இனிதான் கஷ்டமான பகுதி. 1923-ல் பாலுக்கு ஒன்பது வயது. அந்தக் கால மிஷன் குடும்பங்களின் வழக்கப்படி, படிப்புக்காகப் பிள்ளைகள் இரண்டு பேரையும் இங்கிலாந்தில் பாட்டி, அத்தைகளிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். அது சரியா என்று கேட்டால், எனக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் சங்கடம்தான். விசுவாச வீரம் என்று ஒரு வார்த்தையில் மூடிவிட மனம் வரவில்லை. ஒன்பது வயதுப் பையனுக்கு இரவில் போர்வை இழுத்துவிட அம்மா வேண்டும்.

இந்த வேதனை உங்களுக்குப் புரியாததல்ல. அன்றைக்குத் தாய் இங்கே, பிள்ளை அங்கே. இன்றைக்கும் கோவையில் எத்தனையோ வீடுகளில் தாய் இங்கே, பிள்ளை அங்கே. சாயங்காலம் வீடியோ காலில் "சாப்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, போனை வைத்தபின் சமையலறையில் போய் நிற்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். ஈவ்லினுக்கு அந்த வீடியோ காலும் இல்லை. கடிதம் கப்பலில் வாரக்கணக்கில் போகும், பதில் வாரக்கணக்கில் வரும். காய்ச்சல் என்று பிள்ளை எழுதியது கைக்குக் கிடைப்பதற்குள் காய்ச்சல் போய் வேறொன்று வந்திருக்கும்.

1929 ஜூனில் மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். சாவுச் செய்தி தந்தியில் போய்விட்டது. அவர் எழுதியிருந்த கடிதங்களோ கப்பலில் வந்துகொண்டிருந்தன. அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு அப்பாவின் கையெழுத்து பையன் கைக்கு வந்தது. மலைமுகட்டில் குதிரையில் போனேன், இந்த உலகம் எத்தனை அழகு, கவனித்துப் பார், இங்கே உன்னை வைத்ததற்காகத் தேவனுக்கு நன்றியாயிரு என்ற போக்கில் அமைந்த கடிதம் அது. ஆறு ஆண்டாகப் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காத ஒரு தகப்பன் எழுதியது.

பிறகு ஈவ்லின் இங்கிலாந்துக்குப் போனார். துறைமுகத்தில் பாலுக்குத் தன் தாயை அடையாளம் தெரியவில்லை. நெட்டையாக, அழகாக அவன் நினைவில் இருந்தவர் கூனிக் கிழடாக இறங்கி வந்தார். துக்கம் அந்த அம்மாவை அப்படி அடித்துப்போட்டிருந்தது. இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. இழவு வீட்டில் போய் "இருக்கிற பிள்ளைகளை நினைச்சு ஆண்டவரை ஸ்தோத்திரியுங்க" என்று உபதேசம் செய்கிறவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நம் ஆண்டவர் லாசருவின் கல்லறைக்குப் போனபோது முதலில் அழுதார். நன்றி எழுதுகிற அதே நோட்டில் இழப்பையும் எழுத இடம் இருக்க வேண்டும். சங்கீதங்களைத் திறந்து பாருங்கள், புலம்பலும் துதியும் ஒரே தாளில்தான் கிடக்கின்றன.

ஈவ்லின் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். பல ஆண்டுகள் மிஷன் அவரைச் சமவெளியிலேயே வைத்திருந்தது. 1947-ல் அறுபத்தெட்டு வயதில், ஓய்வு கொடுத்து ஊருக்கு அனுப்பப் பார்த்தபோது, மிஷனிலிருந்து விலகிக்கொண்டு கொல்லிமலைக்கே ஏறிவிட்டார். கணவரும் அவரும் சேர்ந்து ஆசைப்பட்டது ஐந்து மலைகளை. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி முதலிய மலைகளைக் குதிரையில் சுற்றினார். விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார், கால்கள் தளர்ந்தன, இரண்டு மூங்கில் கம்பை ஊன்றி நடந்தார். தொண்ணூறைத் தாண்டிக் குதிரையிலும் உட்கார முடியாதபோது, ஊர்க்காரர்கள் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். 1974-ல் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் கண்ணாடி கிடையாது. முகம் பார்க்கும் கண்ணாடியைத்தான் சொல்கிறேன். அத்தனை சுருக்கம் விழுந்த முகத்தை வேறெங்கும் பார்த்ததில்லை, அத்தனை அழகையும் பார்த்ததில்லை என்ற கருத்தில் மகன் எழுதினார்.

அந்த மகன் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல்கள் சிதைந்துபோவது தொழுநோய் அவற்றைத் தின்பதால் அல்ல, வலி தெரியாமல் போவதால்தான் என்று காட்டியவர் அவர். சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, ஆணி ஏறினாலும் தெரியாது. ஒரு முறை வெளிநாட்டுப் பயணம் முடிந்து லண்டனுக்கு வந்த இரவு, காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கவனித்தார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்று அந்த இரவு முழுவதும் விழித்துக் கிடந்தார். மனைவி மார்கரெட்டையும் பிள்ளைகளையும் இனித் தொட முடியுமா என்று நினைத்துக் குமைந்தார். விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். சுரீர் என்று வலித்தது! நெடுநேரம் ரயிலில் உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கு அவர் தேவனுக்கு நன்றி சொன்னது ஒரு வலிக்காக.

லூக்கா பதினேழில் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன். அந்தச் சமாரியன் மற்ற ஒன்பது பேரோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டு நிற்கவில்லை. நேராக இயேசுவின் காலடியில் போய் விழுந்தான். காலையில் எழுந்ததும் முழங்கால் வலிக்கிறது என்று முனகுகிறோமே, அதையும் எண்ணுங்கள். பால் பொங்குகிற வாசனை மூக்குக்கு எட்டுகிறதே, அதை எண்ணுங்கள். சிறுவாணித் தண்ணீர் குழாயில் வருகிற நாளை எண்ணுங்கள், வராத நாளுக்காக முறையிடுங்கள். இரண்டும் அவரிடம்தான் போக வேண்டும்.

முடிக்கும் முன் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கு ஒரு வேலை. நம் தமிழ்நாட்டிலிருந்து வடமாநிலக் கிராமங்களுக்கு மிஷனெரிகளாகப் போன குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். இந்தச் சபையில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் அனுமதி கேட்டு ஒரு நடை போய் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். வந்து, வடக்கே இருக்கிற அந்தத் தாய்மாருக்கு எழுதுங்கள். வசனமும் ஆறுதலும் அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பையன் இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறான், முன்பல் விழுந்திருக்கிறது, கொண்டுபோன முறுக்கைப் பக்கத்துப் படுக்கைப் பையனோடு பங்கு வைத்தான், அம்மாவைக் கேட்டான் என்று எழுதுங்கள்.