யாருடைய நட்டம்?



மஸ்கெலியாவிலோ டயகமையிலோ ஒரு மேல் டிவிசனுக்கு மாலையில் போகும் கடைசி பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஏறுவோர் ஏழெட்டுப் பேர். வசூல் டீசலுக்கும் காணாது. பொதுப் பணத்தைக் கொட்டி அதை ஓட்டுவது நியாயமா என்று கேட்பவர் கொடியவர் அல்லர். கேள்வி நேர்மையானதே. எந்தத் தராசில் அதை நிறுப்பது என்பதுதான் விஷயம்.

புனித தோமா அக்குவினாஸ் நீதியைப் பிரித்துக் காட்டினார். வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் இடையே உள்ளது ஒன்று: கொடுத்த விலைக்குச் சரியான பொருள். சமூகம் தன் பொதுச் சொத்தை அங்கத்தவர்க்குப் பகிர்ந்தளிப்பது மற்றொன்று. அங்கே ஆளுக்கு ஒரே அளவு என்பதல்ல, அவரவர் நிலைக்கேற்ற விகிதமே நீதி. (அவர் நினைத்தது பெரும்பாலும் பதவியையும் தகுதியையும். அந்த இடத்தில் தேவையை வைத்துப் பார்ப்பதே நமக்குப் பொருந்தும்.) டிக்கட் முதலாம் நீதிக்கு உரியது. எந்த ஊருக்கு பஸ் விடுவது என்பது இரண்டாவதற்கு உரியது.

1958 ஜனவரி 1இல் பஸ் கம்பனிகளை அரசு பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தபோது, இலாபப் பாதை நட்டப் பாதையைத் தாங்க வழி பிறந்தது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. முதலாளி கூட்டமுள்ள பாதையைத்தான் தேடுவார். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் சுளை அவருக்குப் போய், தோல் சபைக்கு மிஞ்சிய பின், சபை நட்டப்படுகிறது என்று குற்றஞ்சாட்டுவது விந்தை. டிப்போவில் ஆள் மிகுந்ததாலும் அரசியல் நியமனங்களாலும் வரும் நட்டத்திற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது வீண்செலவு. மேல் டிவிசன் பஸ்ஸின் நட்டம் சேவைக்கான செலவு. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுவதால், வெட்டும்போது ஏழைகளின் பஸ்தான் முதலில் வெட்டுப்படுகிறது.

தோட்டத்திற்கு இதில் தனிக் கதை உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதி தோட்டங்களுக்குள் செலவாவதற்குத் தடையாக நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை தோட்ட மக்களிடம் வாக்கு இருந்தது. சபைப் பணத்தில் போட்ட ரோடு இல்லை. குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் வராது. வராத பஸ்ஸுக்குப் பயணிகளும் இல்லை. பிறகு, "அங்கே தேவை இல்லை" என்று எழுதிவிடலாம்! காத்திருந்து நடந்துபோனவர்களை எந்தக் கணக்கப்பிள்ளை எண்ணினார்?

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய வைத்தியசாலைக் கட்டிடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் இரவில் பிரசவ வலி கண்ட பெண் அங்கே போய்ச்சேர, ஒரு நாட் சம்பளத்தையே விழுங்கக்கூடிய முச்சக்கர வண்டிதான் துணை என்றால், அந்தக் கட்டில் அவளுக்கு எவ்வளவு தூரம்?

"எங்கள் வரிப்பணம்" என்று நகரத்தார் சிலர் முணுமுணுப்பர். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆனது. சவர்க்காரம் வாங்கும்போது கொழுந்து பறிப்பவரும் கொழும்புச் சீமானும் ஒரே வீதத்தில்தான் அதைச் செலுத்துகின்றனர்.

ஆகவே உங்கள் பிரதேச சபை உறுப்பினரையும் டிப்போ அதிகாரியையும் காணும்போது கேளுங்கள்: எந்த டிவிசனுக்குக் காலையில் பாடசாலை பஸ் இல்லை? மாலையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? எந்தப் பாதையின் நட்டம் சேவைக்கானது, எது வீண்செலவு என்று தனித்தனி ஏடு இருக்கிறதா?