மவுஸும் மீமாம்சகரும்

அசைவு கண்ணுக்குத் தெரிகிறதா, ஊகித்து அறியப்படுகிறதா? இந்திய மெய்யியல் மரபுகளுள் ஒன்றைச் சேர்ந்த மீமாம்சகரிடையே இது பழைய வழக்கு. குமாரிலரைப் பின்பற்றிய பாட்டர், அசைவு நேரடிக் காட்சி என்றனர். பிரபாகரர் வழியினரோ, பொருள் ஓரிடத்தை விட்டுப் பிரிவதும் வேறிடத்தைச் சேர்வதுமே கண்ணில் படுகின்றன, அசைவு அவற்றிலிருந்து பெறும் அனுமானம் என்றனர்.

வீட்டு மேசையில் ஓடும் வயர்லெஸ் ஆப்டிகல் மவுஸ், தன்னை அறியாமலே, பிரபாகரர் கட்சி. அதன் அடியில் ஒரு விளக்கும் நுண்ணிய கேமராவும் உண்டு. 1999-இல் மைக்ரோசாஃப்ட் விற்ற முன்னோடி மவுஸே நொடிக்கு 1,500 படங்கள் எடுத்தது. எந்தப் படத்திலும் அசைவு இல்லை. மரத்தின் வரியோ துணியின் இழையோதான். அடுத்தடுத்த இரண்டை ஒப்பிட்டு, வரி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று சில்லு கணக்கிடுகிறது. அந்தக் கணக்குதான் ரேடியோ அலையில் கணினிக்குப் போகிறது. தெளிந்த கண்ணாடி மேசையில் பிடிக்க அடையாளம் இல்லை. கை நகர்ந்தும் அம்புக்குறி தடுமாறும்.

மவுஸை அசையாமல் பிடித்துக்கொண்டு அடியிலுள்ள தாளை இழுத்தாலும் அம்புக்குறி ஓடும். அனுமானம் இப்படித் தவறும்போது பாட்டர் சிரிக்கலாம். ஆனால் பக்கத்து ரயில் கிளம்பும்போது தன் ரயிலே நகர்வதாகக் காண்பதும் அவர்கள் நம்பிய அதே கண்தான்.