மதிப்பெண்ணும் வினைப்பயனும்

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரித் தரத்தில் பாடம் நடத்தி, கல்லூரியில் இடம் கொடுப்பதற்கென்றே தேர்வு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வாக நிலைத்திருக்கிறது. 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கும்வரை இந்தப் பாடங்களில் பெரும்பகுதியைப் புகுமுக வகுப்பு, அதாவது பி.யு.சி., என்ற பெயரில் கல்லூரிகளே நடத்தின. அதற்கு முன்னால் இன்டர்மீடியட். அதற்கும் முன்னால் எஃப்.ஏ. பெயரும் கட்டடமும் மாறின. பதினேழு வயதுப் பிள்ளை மூன்று மணி நேரம் எழுதியதை ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணை வைத்து அடுத்த படிப்பைத் தீர்மானிக்கும் முறை மட்டும் மாறவில்லை.

திருத்தணியில் இதை மாநில எல்லையோடு சேர்த்தே பார்க்க முடிகிறது. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், எல்லைத் தகராற்றில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையின்படி எல்லை திருத்தப்பட்டு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் வடக்கே ஆந்திராவின் நகரிப் பக்கம் போனால், பதினோராம் வகுப்பு வயதுப் பிள்ளை பள்ளி மாணவர் இல்லை. ஜூனியர் காலேஜில் ‘இன்டர்’ படிப்பவர். வயது ஒன்று, இயற்பியலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாரியம் வேறு, மதிப்பெண் கணக்கு வேறு. தேர்வுக் காலத்தில் இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஏறுவது மட்டும் ஒரே மலை. 365 படி ஏறி, ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் தணிகை முருகன் சன்னதியில் கொடுத்து, விபூதியோடு திரும்ப வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள்.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று நம்புகிற சமூகம் இது. அப்படியானால் வேண்டுதல் எதற்கு? வேண்டுதல் பலிக்கும் என்றால் மதிப்பெண் எதை அளக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுமுன் தேர்வு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு மதிப்பெண் முறைக்குள்ளும் நியாயத்தைப் பற்றிய ஒரு கொள்கை ஒளிந்திருக்கிறது.

2018 வரை பன்னிரண்டாம் வகுப்புக்கு மொத்தம் 1200 மதிப்பெண், பாடத்துக்கு 200. 2019 மார்ச் தேர்விலிருந்து பாடத்துக்கு 100, மொத்தம் 600. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. தேறுவதற்கு 35 வேண்டும். அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்திருக்க வேண்டும். இயற்பியல் வினாத்தாளை எடுத்துக்கொண்டால் 15 ஒரு மதிப்பெண் கேள்விகள். இரண்டு மதிப்பெண்ணில் ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து. காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். பத்து நிமிடம் படிக்க, ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-க்கு எழுதத் தொடங்கினால் 1.15-க்கு முடிப்பு மணி.

எழுதி முடித்த விடைத்தாளுக்கு நடப்பதுதான் தத்துவக் கண்ணோட்டத்தில் முக்கியமானது. மாணவரின் புகைப்படமும் பதிவெண்ணும் பார்கோடும் அச்சான முகப்புத்தாள் பிரிக்கப்படுகிறது. விடைத்தாள் ஒரு டம்மி எண்ணோடு திருத்தும் மையத்துக்குப் போகிறது. உதவித் தேர்வாளர் கையில் விடைக்குறிப்பு இருக்கிறது. முடிவிலி நீளமுள்ள மின்னூட்டக் கம்பியால் உண்டாகும் மின்புலத்தைக் காஸ் விதிகொண்டு வருவிக்கச் சொல்லும் ஐந்து மதிப்பெண் கேள்வியை எடுத்துக்கொள்வோம். படத்துக்கு இவ்வளவு, விதியைச் சொன்னதற்கு இவ்வளவு, பிரதியிட்டதற்கு இவ்வளவு, இறுதிச் சமன்பாட்டுக்கு இவ்வளவு என்று படிப்படியாகப் பிரித்தே மதிப்பெண் விழுகிறது. கடைசி வரி தவறினாலும் முன்வரிகளுக்கு உரியது கிடைத்துவிடும். திருத்தியதை முதன்மைத் தேர்வாளர் பார்ப்பார். கூட்டலைக் கூர்ந்தாய்வாளர் சரிபார்ப்பார். அந்தத் தாளை எழுதியவர் திருத்தணிப் பிள்ளையா திருநெல்வேலிப் பிள்ளையா, வீட்டில் மின்விளக்கு இருந்ததா, தேர்வன்று காய்ச்சலா என்பது யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

வினைக்கும் பயனுக்கும் நடுவில் ஒரு நடுவர் தேவையா என்பது இந்தியத் தத்துவத்தில் மிகப் பழைய வழக்கு. மீமாம்சகர் தேவையில்லை என்றார்கள்: செய்த கர்மம் ‘அபூர்வம்’ என்ற கண்ணுக்குத் தெரியாத ஆற்றலை உண்டாக்கும், அந்த ஆற்றலே காலம் வரும்போது பயனைத் தரும் என்பது அவர்கள் வாதம். சமணரும் பௌத்தரும் வேறு வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தார்கள். வினைக்கு அதன் விதியே போதும், வழங்குவதற்கென்று ஒருவர் வேண்டியதில்லை. நையாயிகரும் சைவ சித்தாந்திகளும் இதை ஏற்கவில்லை. வினை சடப்பொருள், தன்னைச் செய்தவன் யார் என்று அதற்குத் தெரியாது. தெரியாத ஒன்று உரியவனை எப்படித் தேடிப் போய்ச் சேரும்? ஆகவே அறிவுடைய ஒருவன் வினையையும் வினைப்பயனையும் உயிரோடு கூட்டிவைக்க வேண்டும் என்பது 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை ஒட்டி வளர்ந்த மரபின் நிலை.

ஒரு மதிப்பெண் கேள்விகளும், முழுக்க அத்தகைய கேள்விகளாலேயே அமைந்த நீட் தேர்வும் மீமாம்சகர் கட்சி. சரியான விடைக்கு 4 கூடும், தவறுக்கு 1 கழியும். 180 கேள்விக்கு 720. இயந்திரம் கணக்குப் பார்க்கிறது. அங்கே இரக்கமும் இல்லை, பகையும் இல்லை. ஐந்து மதிப்பெண் கேள்வியோ அறிவுடைய ஒருவர் படித்துப் பார்த்தால்தான் மதிப்பெண்ணாகும். இந்த வகையில் அது சித்தாந்தியின் கட்சி. ஆனால் ஒப்புமை இங்கேயே முறிகிறது, முறியும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. சித்தாந்தத்தின் இறைவன் நீதியாக இருப்பது, உயிரைப் பற்றி எல்லாம் அறிந்திருப்பதால். திருத்துபவர் நீதியாக இருப்பது, எழுதியவரைப் பற்றி ஒன்றும் அறியாமல் இருப்பதால். மனிதருக்கு அறிவு கூடினால் பாரபட்சமும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் மனித நீதி தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது. மாணவரை நன்றாக அறிந்த ஆசிரியர் கையில் இருக்கும் அக மதிப்பீட்டின் பத்து மதிப்பெண்ணைப் பல பள்ளிகள் வாரி வழங்கிவிடுவது ஊரறிந்த சங்கதி. தெரிந்தவரிடம் அளவுகோல் நிற்பதில்லை.

இதை ஒப்புக்கொண்டால் ஒரு முடிவு தவிர்க்க முடியாதது. குறைவாக அறிவதன்மூலம் நடுநிலை பெறும் ஒரு முறை, அந்த ஆள் எதற்குத் தகுதியானவர் என்று சொல்லும் உரிமையை அதே விலையாகக் கொடுத்துவிடுகிறது. அது சொல்லக்கூடியது ஒன்றே: இந்தத் தாளில், இந்த நாளில், இந்தக் கேள்விகளுக்கு, இந்த அளவுக்கு விடை எழுதப்பட்டிருக்கிறது. மதிப்பெண்ணை வினைப்பயன் என்று கொண்டாடுவதும் விதி என்று அழுவதும் அதற்கு இல்லாத அறிவை அதன் மேல் ஏற்றுவதே.

திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த ஒருவர் கர்மம், தேர்வு என்ற இந்த இரண்டு வழக்குகளிலும் ஆஜராகியிருக்கிறார். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. பட்டத்துக்காக எழுதிய ஆய்வு வேதாந்தத்தின் அறவியல் பற்றியது. 1908-இல் நூலாக வந்தது. அங்கே அவருடைய ஆசிரியராக இருந்த ஏ.ஜி. ஹாக், கர்மக் கொள்கை உலகத்தை ஒரு நீதிமன்றமாகச் சுருக்கிவிடுகிறது, அறம் என்பது கணக்குத் தீர்ப்பதைவிடப் பெரியது என்று வாதிட்டவர். ராதாகிருஷ்ணன் பிற்காலத்தில் ‘தி ஹிந்து வியூ ஆஃப் லைஃப்’ நூலில் கர்மத்தைச் சீட்டாட்டத்துக்கு ஒப்பிட்டார்: கைக்கு வரும் சீட்டு நம் தேர்வில் இல்லை, ஆடும் விதம் நம்முடையது என்ற பொருளில். அந்த ஒப்புமையைத் தேர்வுக்கு நீட்டினால், தேர்வு கடைசிக் கணக்கை மட்டும் பார்க்கிறது, வந்த சீட்டு எது என்று கேட்பதில்லை.

1948-இல் அவர் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு மறு ஆண்டு அறிக்கை தந்தபோது, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்க வேண்டும் என்றது. புறவயத் தேர்வுகளைக் கொண்டுவர வேண்டும் என்றது. பாடத்தின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டு முழுக்கச் செய்த வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்றது. கருணை மதிப்பெண் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னது. புறவயத் தேர்வு நடுவரின் கண்ணைக் கட்டுகிறது, ஆண்டு வேலைக்கான மதிப்பெண் அதைத் திறக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டது முரண் போலத் தோன்றலாம். எதுவும் அறியாத நடுவரும் வேண்டும், அறிந்தவரும் வேண்டும் என்ற இந்தத் தவிப்பு அன்றைக்கும் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை என்பதே உண்மை.

கர்மக் கொள்கையோடு ஒத்தே போகாத மதிப்பெண் வகையும் உண்டு: ஒப்பீட்டு மதிப்பெண். தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியபோது, வெவ்வேறு வாரியத்து மாணவர்களை ஒரே வரிசையில் நிறுத்த வழி தேவைப்பட்டது. வேறு வாரியத்தில் ஒரு பாடத்தின் முதல் மதிப்பெண் 90, மாநில வாரியத்தில் 100 என்றால், 90-ஐ 100-க்குச் சமமாக வைத்து, அங்கே 60 எடுத்தவருக்கு 66.66 என்று கணக்கிடுகிறார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவர் முதலிடத்தில் எவ்வளவு வாங்கினார் என்பதைப் பொறுத்து இன்னொருவரின் எண் ஏறி இறங்குகிறது. தன் வினையின் பயன் தனக்கே என்ற கொள்கைக்கு இங்கே இடமில்லை. இலங்கைத் தமிழர்களுக்கு இது வெறும் கணக்கு அன்று. 1970-களின் தொடக்கத்தில் மொழிவாரியாக நடந்த தரப்படுத்தலால், தமிழில் எழுதியவர் பல்கலைக்கழகத்துக்குள் நுழையக் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காயம் பிந்தைய வரலாறு முழுக்கப் பேசுகிறது. அமெரிக்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் எழுதும் ‘அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்’ தேர்வு வேறு வழியில் போகிறது. 1956-இல் முதன்முதலாக நடந்த அந்தத் தேர்வில் 1 முதல் 5 வரை தரம். ஒவ்வொரு தரத்துக்குமான கோடு, கல்லூரி மாணவர் அதே பாடத்தில் எந்த அளவு செய்வார் என்பதை வைத்துப் போடப்படுகிறது. அடுத்தவர் 5 வாங்கியதால் இவருடைய 5 போய்விடாது. தத்துவப்படி அதுவே நேர்மையானது. ஆனால் இருக்கும் இடம் குறைவாகவும் கேட்பவர் அதிகமாகவும் உள்ள நாட்டில் வரிசை போடாமல் தப்ப முடியாது.

வரிசை போட்டால் சமநிலை வரும். பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். இருவர் சமமானால் கணிதம், பிறகு இயற்பியல், விருப்பப் பாடம், பன்னிரண்டாம் வகுப்பு மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி. அதிலும் சமம் என்றால் ரேண்டம் எண். அதாவது திருவுளச்சீட்டு. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்ளலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்தச் சாசனங்கள் முதலில் தகுதியை வரையறுக்கின்றன: வயது (921 சாசனத்தின்படி 35 முதல் 70), சொந்த மனையில் வீடு, நிலம், கல்வி. தகுதி பெற்றவர் பெயர்களை எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஒரு வரம்புக்கு மேல் இவர் உயர்ந்தவர், அவர் தாழ்ந்தவர் என்று சொல்ல மனிதருக்கு அறிவு போதாது என்பதை அந்தச் சபை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அரை மதிப்பெண்ணில் ஆயிரம் பேரை முன்பின்னாக்கும் இன்றைய தரவரிசைக்கு அந்த அடக்கம் கடைசிப் படியில்தான் வருகிறது.

இனி வேண்டுதல். தேர்வுக்கு முன் மலையேறுவதும் தேர்வுக்குப் பின் மலையேறுவதும் ஒன்றல்ல. முன்னால் கேட்கப்படுவது நினைவும் நிதானமும். இவை எழுதப்போகும் விடையின் பகுதி, கர்மத்துக்குள்ளேயே அடங்கும். எழுதி முடித்த பிறகு கேட்பது சிக்கலானது. விடைத்தாளில் உள்ளது எழுதப்பட்டுவிட்டது. டம்மி எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையைத் தேடி ஒரு மதிப்பெண் கூட்டச் சொல்வது, அதே வேண்டுதலோடு வந்த மற்றப் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. சித்தாந்த மரபு இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறது. பிராரத்தம், அதாவது பயன்தரத் தொடங்கிவிட்ட வினை, அனுபவித்தே தீர வேண்டும்; ஆனால் அருள் அதன் கடுமையைக் குறைக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மக்கள் சொல்வது இதைத்தான். அந்த நோக்கில், மலையில் கேட்கத் தகுந்தது மதிப்பெண்ணின் மாற்றம் அல்ல, மதிப்பெண் எதுவானாலும் அதோடு வாழும் திடம். விடைத்தாள் அறியாததை அறிந்தவன் என்று நம்பப்படும் ஒருவனிடம், விடைத்தாள் அறிந்ததை மட்டும் கேட்டுத் திரும்புவது வீண் ஏற்றம்.

தணிகையின் தலபுராணத்திலேயே ஒரு தேர்வு உண்டு. பிரணவத்தின் பொருள் என்ன என்று முருகன் பிரமனைக் கேட்டான். ஒரே கேள்வி, வாய்மொழித் தேர்வு. விடை தெரியாத பிரமன் சிறைப்பட்டான், படைப்புத் தொழிலையும் இழந்தான். பிறகு இந்த மலைக்கு வந்து சுனையில் நீராடி வழிபட்டு இழந்த தொழிலை மீட்டான் என்கிறது தலவரலாறு. அது பிரம்ம சுனை எனப்படுகிறது. படைப்புக் கடவுளே தேறாமல்போய் மறுபடி தொழிலுக்கு வந்த ஊரில், முதல் முயற்சியில் தவறிய பிள்ளையை வீட்டார் முடிந்த கதையாகப் பேசுவது பொருந்தாது.

அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் விதியும் முதல் முடிவையே முடிந்த முடிவாக வைக்கவில்லை. விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டல் கேட்கலாம். மறுமதிப்பீடு வேண்டுவோர் முதலில் நகலை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். அதில் மதிப்பெண் கூடவும் கூடும், குறையவும் குறையும். தேறாதவர்களுக்கு அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு நடக்கிறது.