கொண்டைக் கள்ளியும் கத்தியும்

எண்ணூர்ப் பக்கம் ஒரு செடி கோணலாக வளர்ந்தால் ஊர் முதலில் ஆலையைத்தான் சந்தேகிக்கும். நெட்டுக்குப்பத்தில் அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய இந்த மீனவர் ஊர், அனல்மின் நிலையச் சாம்பலையும் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலத்தையும் பார்த்தது. ஆனால் நர்சரிகளில் ‘கோரல் காக்டஸ்’ என்று விற்கும் கொண்டைக் கள்ளி கோணுவதற்கு ஆலை வேண்டியதில்லை. அரிசோனா பாலைவனத்தின் நடுவிலும் சாகுவாரோ கள்ளிகள் சில, உச்சியில் கொண்டை விரித்து நிற்கின்றன.

நடப்பது இதுதான்: தண்டின் நுனியில் புள்ளியாக இருக்க வேண்டிய வளர்முனை கோடாக நீண்டுவிடுகிறது. தண்டு உயராமல் பக்கவாட்டில் பரந்து, இடம் போதாமல் மடிந்து மடிந்து சுருள்கிறது. காயம், பூச்சி, கிருமி, மரபணு மாற்றம் என எதுவும் காரணமாகலாம். பல செடிகளில் காரணம் பிடிபடுவதே இல்லை.

இது குறையா, பேறா? நம் வழக்கம் பேறு என்கிறது. மாலையில் கட்டும் கோழிக்கொண்டைப் பூவும் இதே கோளாறுதான். அதில் இது விதை வழியாகவே தொடர்கிறது. மற்றச் சங்குகளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழன்ற வலம்புரிக்கோ பூசையறையில் இடம். அதே விலகல் ஒரு குழந்தையின் உடலில் தெரிந்தால் மட்டும் ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்கிறார்கள். எந்தச் சமயத்தின் பெயரால் சொன்னாலும் இது நேர்மையற்ற அளவுகோல்.

கொண்டைக் கள்ளியை வளர்ப்பது அத்தனை கடினமில்லை. மணல் கலந்த மண், நல்ல வெளிச்சம், மண் காய்ந்த பிறகே தண்ணீர். கடற்காற்றில் வரும் உப்பும் தூசியும் மடிப்புகளில் படியும்; மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும். மாவுப்பூச்சி ஒளிவதும் அங்கேதான். மடிப்பில் நீர் தேங்கினால் அழுகல்.

சிக்கல் வேறிடத்தில். எப்போதாவது கொண்டையின் விளிம்பிலிருந்து ஒரு நேர்த்தண்டு கிளம்பும். அது வேகமாக வளரும். விட்டுவைத்தால் கொண்டை பின்தங்கிவிடும். அதனால் வளர்ப்பவர் கத்தி எடுக்கிறார். இயல்புக்குத் திரும்பும் பகுதியை வெட்டிக் கோணலைக் காப்பது யாருக்கான பராமரிப்பு?

வெட்டப்படுவதும் ஓர் உயிர்தான்; தாவரத்தை ஓரறிவு உயிர் என்று தொல்காப்பியமே வகுத்துவிட்டது. சென்னை ஏழுகிணற்றில் வாழ்ந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடையாய் நடந்த வள்ளலாரும் (1823–1874) தாவரத்தை வெட்டலாமா என்பதை ஒத்த ஒரு கேள்வியை எதிர்கொண்டவர். தாவரமும் உயிர்தானே, அதை உண்ணலாமா என்ற வினாவுக்கு, காய் கனி பறிப்பதை நகமும் முடியும் களைவதோடு அவர் ஒப்பிட்டார். அந்த விடை பசித்தவருக்கானது. கொண்டைக் கள்ளியை யாரும் தின்பதில்லை. நம் கண்ணுக்குத்தான் அது விருந்து. எனவே வெட்டலாம், ஆனால் செடியின் நன்மைக்காக வெட்டுவதாகச் சொல்லக் கூடாது.

வெட்டியதை எறியவும் வேண்டாம். பால் கண்ணில் படாமல் கையுறை போட்டு எடுத்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, மணலில் நட்டுவிடுங்கள். சாதாரணக் கள்ளியாக அது பிழைத்துக்கொள்ளும்.