பூ யாருக்காகப் பூக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம், கேப் டவுன் நகருக்கு வடக்கே, போக்பாய் என்னும் சிறு விரிகுடா இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய ஒரு செடி அந்த மணற்பாங்கான பூமியில் முளைக்கிறது. சாணுயரம்கூட வளராது. சதைப்பற்றுள்ள அதன் இலைகளில் நீர் நிறைந்த நுண்ணிய கொப்புளங்கள் வெயிலில் கண்ணாடித் துகள்போல் மின்னும். நமக்குக் கோடையும் ஆடியுமாக இருக்கும் மாதங்களில்தான் அங்கே மழைக்காலம். அம்மழையில் முளைத்து, ஆகஸ்ட், செப்டம்பரில் வெள்ளை, மஞ்சள், ரோஜா, சிவப்பு, ஊதா என்று பூத்துக் குலுங்கி, வெயில் முற்றியதும் மடிந்துவிடும். ஓராண்டுக்குள் வாழ்வு முடிந்தது.

இச்செடியினத்துக்கு 1927இல் ஷ்வாண்டெஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம் தாயாரின் பெயரைச் சேர்த்து 'டோரோதியாந்தஸ்' என்று பெயரிட்டார். 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதை 'கிளெரெட்டம்' என்ற இனத்தோடு இணைத்துவிட்டது. மகன் தாய்க்குச் சூட்டிய பெயர் தோட்டக்காரர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது.

மனித நடமாட்டம் குறைந்த மணல்வெளியில் இத்தனை வண்ணங்கள் எதற்கு? பார்க்க ஆளில்லாத இடத்தில் பூப்பது வீண் அல்லவா என்று சிலர் கேட்பார்கள். கேள்வியிலேயே ஒரு கர்வம் இருக்கிறது. பார்க்க ஆளில்லை என்று யார் சொன்னது? வண்டும் தேனீயும் பார்க்கின்றனவே! இப்பூ வெயிலில்தான் விரியும். மேகம் கவிந்தால் மூடிக்கொள்ளும். வெயில் நேரம்தானே வண்டுகள் பறக்கும் நேரம்? நாம் ஒருவரும் போய்ப் பார்க்காவிட்டாலும் அதன் காரியம் குறைவின்றி நடக்கிறது.

விதையின் கதை இன்னும் வியப்பு. நம் வீட்டோரம் மழைக்குப்பின் முளைக்கும் சாரணைக் கீரையும் சேர்ந்த பெருங்குடும்பம் இது. இக்குடும்பத்தின் தென்னாப்பிரிக்கச் செடிகள் பெரும்பாலானவற்றில் விதைக்கூடு காய்ந்தால் இறுக மூடியிருக்கும், நனைந்தால் திறக்கும். விழும் மழைத்துளியின் வேகத்திலேயே விதைகள் தெறித்துச் சிதறும். தாய்ச்செடி செத்துச் சருகான பிறகும் அந்தக் கூடு மழைக்கு வாய் திறக்கிறது. வறண்ட நாளில் விதையைச் சிந்தினால் முளைக்குமா?

'பூமியிலுள்ள அனைத்தையும் அல்லாஹ் மனிதனுக்காகத்தானே படைத்தான்?' என்பார்கள். ஆம், அதில் ஐயமில்லை. ஆனால் நமக்காக என்றால் நமக்கு மட்டும் என்று பொருளா? தகப்பனார் வீட்டுக்குப் பழம் வாங்கி வந்து, 'உனக்காக வாங்கினேன்' என்று மூத்தவனிடம் தருகிறார். அவன் கூடையையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் தம்பி தங்கைகள் என்ன செய்வார்கள்?

இது வெறும் வாய்ப்பேச்சல்ல. 2019க்குப் பிறகு அதே நாட்டில், இதே குடும்பத்தைச் சேர்ந்த, பல்லாண்டு வாழும் குட்டிச் செடிகளைப் பாறையிடுக்குகளிலிருந்து பெயர்த்து, அழகுக்காகச் சேகரிப்போருக்குக் கடல் கடந்து விற்கும் கள்ளத்தொழில் பெருகியது. அதிகாரிகள் கைப்பற்றிய செடிகளே லட்சக்கணக்கில். அவற்றுள் சில ஒரே ஒரு குன்றைத் தவிர வேறெங்கும் முளைக்காதவை. பிடுங்கியவர்களில் பலர் வேலையற்ற ஏழைகள். ஆதாயம் போவது வேறு கைக்கு.

யாருக்கும் சொந்தமில்லாத காட்டில் தானே முளைத்த புல்லையும் விறகையும் எடுத்தவனுக்கே உரிமை என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்வது உண்மைதான். புல் மறுபடி முளைக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒரு குன்றின் கடைசிச் செடியைப் பெயர்ப்பது விறகு பொறுக்குவதோடு சேராது. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்ற பொதுவிதி இங்கே குறுக்கே நிற்கிறது. அந்நாட்டுச் சட்டமும் தடுத்திருக்கிறது. முபாஹ் என்ற சொல்லை இதற்குக் கேடயமாக்க இடமில்லை என்பதே என் கருத்து.

அழகை அனுபவிப்பது கூடாது என்கிறேனா? இல்லவே இல்லை. போக்பாய்ச் செடியின் விதை பொட்டலங்களில் விற்கிறது. பல நாடுகளில் தொட்டியிலும் பாத்தியிலும் வளர்க்கிறார்கள். அதனால் அந்த மணல்வெளியில் ஒரு பூவும் குறைவதில்லை. அப்படி விதை வாங்கி வளர்ப்பவரிடம் குறை காண ஒன்றுமில்லை. பாறையிலிருந்து பெயர்த்தது என்று தெரிந்தே விலை கொடுப்பவரோ, பெயர்த்தவனின் பாவத்தில் பங்கு கொள்கிறார்.