செய்வித்தலும் சுமத்தலும்

சிரவணபெளகொளத்தில் விந்தியகிரியின் உச்சியில் நிற்கும் பகவான் பாகுபலியின் திருவடியருகே கன்னடம், தமிழ், மராத்தி ஆகிய மும்மொழிகளிலும் சிறு கல்வெட்டுகள் உள்ளன. தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து பொறிக்கப்பெற்றது. கங்க அரசின் அமைச்சரும் படைத்தலைவருமான சாமுண்டராயர் இத்திருவுருவைச் ‘செய்வித்தான்’ என்று அது அறிவிக்கின்றது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒரே பாறையில், ஏறத்தாழ 57 அடி உயரத்தில் எழுந்த உருவம் அது. உளி பிடித்த கை அவருடையதன்று. எனினும் அந்நற்செயலின் பயன் அவரையும் சேரும் என்பதில் நம்மவர் எவர்க்கும் ஐயமில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினை வந்து சேரும் வாயில்களே என்பது ஜினநெறி.

இவ்வொரு சொல்லைக் கைக்கொண்டு, நம் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் ஒரு வினாவை ஆராய விரும்புகின்றேன். முதியோர் டோலியில் மலையேறலாமா?

சிரவணபெளகொளம் இரு குன்றுகளுக்கு நடுவே அமைந்த பழைய ஊர். நடுவிலுள்ள வெண்குளமே ஊருக்குப் பெயர் தந்தது. விந்தியகிரிக்குப் பாறையிலேயே செதுக்கிய அறுநூற்றுக்கு மேற்பட்ட படிகள். காலணியை அடிவாரத்தில் விட்டே ஏற வேண்டும். இயலாதவரை நாற்காலியில் இருத்தி, கழிகளைத் தோளில் தாங்கி நால்வர் சுமந்து செல்வர். எங்கள் மூக்கண்டப்பள்ளியிலிருந்து பெங்களூரு வழியாகப் புறப்படும் சுற்றுலா வண்டிகள் பேலூர், ஹளேபீடு, சிரவணபெளகொளம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முனைகின்றன. ஆதலின் நடுப்பகலில், பாறை கொதிக்கும் வேளையில் மலையேற்றம் நேர்கின்றது. இந்த அவசரத்தை யாத்திரை என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. நான்காவதற்கு எடுத்துக்காட்டுச் சொல்லும்போது வண்டி மாட்டைக் காட்டுவதே நம் வழக்கம். மனிதத் தோள் நம் நினைவுக்கு வருவதில்லை.

எது மிகை? நாற்காலியோடு நூறு கிலோ என்று கொண்டால் ஒவ்வொருவர்க்கும் இருபத்தைந்து கிலோ. சமதரையில் அது பெருஞ்சுமையன்று. செங்குத்தான படியிலோ எடை சமமாகப் பகிர்வதில்லை. கீழ்ப்படியில் நிற்பவர் தோளில் அது கூடுதலாய் இறங்குகின்றது. அதே நால்வர் ஒரு நாளில் எத்தனை முறை ஏறினர் என்பதையும் நாம் கேட்பதில்லை. தோள் மாற்ற அவர்கள் நிற்கையில் “வண்டிக்கு நேரமாகிறது” என்று விரட்டுவோரைக் கண்டிருக்கின்றேன். நீர் அருந்தவும் விடாத அவ்விரட்டல் ஐந்தாம் அதிசாரத்தையே தொடுகின்றது.

உலகியல் சட்டமும் இதனை எண்ணியுள்ளது. எங்களூரைச் சூழ்ந்த சிப்காட் போன்ற ஆலைப்பகுதிகளுக்கென எழுந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஊறு விளைவிக்கத்தக்க பளுவை எவரையும் தூக்கச் செய்யலாகாது என 34ஆம் பிரிவில் விதித்தது. தமிழக அரசு 1973இல் கைரிக்‌ஷாவை ஒழித்தது. மராட்டிய மாநிலத்து மலையூராகிய மாத்தேரானில் மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவை நிறுத்துமாறு உச்சநீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஆணையிட்டது. இழுத்தவர்களின் மறுவாழ்வுக்கும் வழி செய்யச் சொன்னது. கொல்லாமையை முதலறமாகக் கொண்ட நாம் இவ்வெண்ணத்தில் பின்தங்கி நிற்றல் பொருந்துமா?

ஆயினும் மறுபக்கத்தை எளிதில் தள்ளலாகாது. டோலி சுமப்போர்க்கு அதுவே அன்றாட உணவு. “அஹிம்சை” என்று கூறி முதியோர் அனைவரும் விலகினால், அவர்தம் அடுப்பு அணையும். நம் கொள்கைத் தூய்மைக்குரிய விலையைப் பிறர் வயிறு செலுத்துவதாகும் அது. வாழ்நாளில் ஒருமுறையேனும் பகவானைக் காண ஏங்கும், முழங்கால் தேய்ந்த மூதாட்டியை இகழவும் எனக்கு உரிமையில்லை. அன்னார் ஏறட்டும், பேரம் பேசாது கூலி தரட்டும், காலை வெயிலில் ஏறட்டும், சுமப்போர் விரும்பிய இடத்திலெல்லாம் இளைப்பாறட்டும்.

நான் மறுப்பது வேறொன்றை. நடக்க இயன்றவர் வசதிக்காக ஏறுவதையும், உச்சியை அடைந்தால்தான் தரிசனம் நிறைவுறும் என்ற எண்ணத்தையும் மறுக்கின்றேன். திருமஞ்சன வேளையில் சாமுண்டராயரின் குடங்களால் நனையாத திருமேனி, குள்ளகாயஜ்ஜி என்னும் எளிய கிழவி சிறு காய்க்குடுவையில் கொணர்ந்த பாலால் முழுதும் நனைந்தது என்பது அம்மலையின் மரபுக்கதை. அளவும் உயரமும் அங்கே பொருட்டாகவில்லை. எதிரிலுள்ள சந்திரகிரியில் படிகள் மிகக் குறைவு. அங்கிருந்தே பகவானின் திருமுகம் மதிலுக்கு மேலே புலப்படும். பத்திரபாகு முனிவரும் சந்திரகுப்தரும் தங்கியதாக மரபு போற்றும் குன்று அது. சல்லேகனை நோற்றோர் நினைவாகப் பொறித்த கல்வெட்டுகள் அங்குண்டு. உடல் தளர்ந்தவர்க்கு அதனினும் ஏற்ற இடம் ஏது?

அடுத்த பயணத்திற்கு என் பேத்தி டோலிக்கெனப் பணம் ஒதுக்கியிருக்கின்றாள். நான் சந்திரகிரியில் அமர்ந்திருப்பேன் என்று கூறிவிட்டேன். “அப்படியானால் டோலிக்காரர்க்கு வருமானம்?” என்று அவள் கேட்டாள். ஏறாமலே கூலியைக் கொடுத்துவிடு என்றேன். உழைத்து உண்பவர் உழையாத கூலியை வாங்குவரா, அதனை அவமதிப்பாகக் கொள்வரா என்று அவள் மீண்டும் கேட்டாள். அதை அவர்களிடமே கேட்க வேண்டும். இதுவரை நம்மில் எவரும் கேட்டதாக நான் அறியேன்.